ரெசின் நெடி நெஞ்சுக்குள் இறங்காமல் படகு வேலை பார்ப்பது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரையெல்லாம் படகு மராமத்துதான். ஃபைபர் படகுக்கு ரெசின் பசை பூசுகிற தம்பிகள் பலர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவிக்குத் துண்டு ஒரு தடையே இல்லை, கொரோனா காலத்து என்95 மாஸ்க்கும் தூசிக்குத்தான், ஆவிக்கு ஆகாது.

கடையில் 'ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ்' போட்ட ரப்பர் மாஸ்க் என்று கேட்டு வாங்குங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டாது, மழித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஆணியில் தொங்கவிடாமல் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜ் சும்மா கிடக்கும்போதே ஆவியை உறிஞ்சித் தீர்ந்துவிடும். பழைய பைபரைத் தேய்க்கும்போது தூசி ஃபில்டரும் சேர்த்து மாட்ட வேண்டும். அப்புறம், நெடி அடங்கிவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். அடங்கியது நெடி அல்ல, மூக்குதான் பழகிப்போயிருக்கும்.

வெளியில் பூசும்போது கச்சான் காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி நின்றுகொண்டால் பாதிக் கவலை விட்டது. படகின் மீன் கிடங்குக்குள் இறங்குவதுதான் நிஜமான ஆபத்து. இந்த ஆவி காற்றைவிடக் கனம், மூடியைத் திறந்து வைத்தாலும் அடியிலேயே தேங்கி நிற்கும், நீங்கள் குனிந்து பூசுகிற இடமும் அதுதான். புளோவரை மேலே நல்ல காற்றில் வைத்து, குழாயை அடிவரை இறக்கி, வேலை முடியும்வரை காற்றைத் தள்ளிக்கொண்டே இருங்கள். ஆவி தீப்பிடிக்கும், அதனால் சாதாரண ஃபேன், பீடி எதுவும் உள்ளே கூடாது. மேலே ஒருவர் கயிறோடு காவல் நிற்கட்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் காவல் நிற்பவரும் பதறிப்போய்க் குதித்துவிடக் கூடாது, இடுப்பில் முன்பே கட்டிய கயிற்றை இழுத்துத் தூக்கிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி, பிறகுதான் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும்.

ராத்திரி இருமல், நெஞ்சு இறுக்கம், இளைப்பு வந்து, வேலையில்லாத நாளில் குறைகிறதா? சளி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி ஓட்டாதீர்கள். டப்பா லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், என்ன வேலை என்று சொல்லி, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை கேளுங்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் வேலை செய்தவர்கள் தள்ளிப்போடவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி ஆவிக்கே மூச்சு இழுக்கும். அப்படி ஆனவர்களை மாஸ்க்கோடு திருப்பி அனுப்பாமல், வலை வேலை மாதிரி நெடியில்லாத வேலைக்கு மாற்றிவிடுங்கள்.