மின்புலக் கணக்கில் திசை தவறும் இடங்கள்

புள்ளி மின்துகளின் மின்புலத்துக்குச் சமன்பாடு ஒரே வரிதான்: 9 × 10⁹ என்ற மாறிலியை மின்னூட்டத்தால் பெருக்கி, தொலைவின் இருமடியால் வகுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் விடை தவறுகிறது, பெரும்பாலும் திசையில்.

முதல் குற்றவாளி கழித்தல் குறி. −4 மைக்ரோ கூலூம் என்று கொடுத்திருந்தால் அந்தக் குறியைச் சமன்பாட்டிலும் போடுகிறார்கள், ‘எதிர் மின்துகளை நோக்கித்தானே புலம்’ என்று அம்பையும் திருப்புகிறார்கள். ஒரே குறியை இரண்டு முறை செலவழித்தால் அம்பு பழையபடி வெளிப்பக்கம் போய்விடும். சமன்பாட்டில் எண்ணளவை மட்டும் போடுங்கள். அந்தப் புள்ளியில் ஒரு சிறு நேர் மின்துகளை வைத்தால் எந்தப் பக்கம் நகரப் பார்க்கும் என்று யோசித்து, அம்பைத் தனியே வரையுங்கள்.

படம் வரையாதவர்கள் வசமாக மாட்டுவது சுழிப் புலப் புள்ளியில், அதாவது மொத்தப் புலம் பூஜ்யமாகும் இடத்தில். +9, −4 மைக்ரோ கூலூம் மின்துகள்கள் 10 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன, புலம் எங்கே சுழி? இரண்டின் புல அளவையும் சமப்படுத்தினால் இருபடிச் சமன்பாடு வரும், அதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, −4ஐத் தாண்டி வெளியே 20 செ.மீ. மற்றது, இரண்டுக்கும் நடுவே −4இலிருந்து 4 செ.மீ. இரண்டையும் விடையாக எழுதிவிடுவார்கள். நடுவில் உள்ள புள்ளியில் நின்று பாருங்கள்: +9 தன்னிடமிருந்து விலக்கித் தள்ளுகிறது, −4 தன்பக்கம் இழுக்கிறது, இரண்டும் ஒரே திசை. அளவு ஒவ்வொன்றும் 2.25 × 10⁷ நியூட்டன்/கூலூம். ஆகவே அங்கே மொத்தப் புலம் சுழி அல்ல, 4.5 × 10⁷. (உலர்ந்த காற்றே சுமார் 3 × 10⁶இல் பொறி விட்டுவிடும் என்பதால், இது தாளில் மட்டுமே நடக்கிற கணக்கு.) சமன்பாடு அளவைத்தான் சமப்படுத்தியது, திசை அதற்குத் தெரியாது. எதிரெதிர்க் குறி என்றால் சுழிப் புள்ளி வெளியே, எண்ணளவில் சிறிய மின்துகளின் பக்கம். ஒரே குறி என்றால் நடுவே, அதுவும் சிறியதற்கு அருகில்.

அளவுகளை நேரடியாகக் கூட்டுவதும் இதே நோய்தான். சமபக்க முக்கோணத்தின் இரு முனைகளில் சமமான நேர் மின்துகள்கள் இருந்தால், மூன்றாம் முனையில் இரு புலங்களுக்கும் இடையே கோணம் 60°. ஒவ்வொன்றும் 100 நியூட்டன்/கூலூம் என்றால் தொகுபயன், அதாவது திசையையும் சேர்த்துக் கூட்டிய மொத்தப் புலம், 200 அல்ல, சுமார் 173. ஒன்றை எதிர் மின்துகளாக மாற்றினால் கோணம் 120° ஆகும், தொகுபயன் 100. சுழி என்று எழுதுபவர்களும் உண்டு!

அலகைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 3 மைக்ரோ கூலூம், 30 செ.மீ. தொலைவு: 0.3 மீட்டர் என்று போட்டால் 3 × 10⁵ நியூட்டன்/கூலூம்; 30 என்றே போட்டால் வெறும் 30. தொலைவு இருமடியாவதால் பிழை நூறு மடங்கோடு நிற்காமல் பத்தாயிரம் மடங்காகிறது.

கடைசியாக, புலம் சுழி என்றால் மின்னழுத்தமும் சுழி என்று முடிவுகட்டுவது. மேலே கண்ட 20 செ.மீ. புள்ளியையே எடுங்கள். அது +9இலிருந்து 30 செ.மீ. மின்னழுத்தம் ஸ்கேலர், அதாவது திசையில்லாத அளவு; இங்கே கழித்தல் குறியைக் கட்டாயம் சமன்பாட்டில் போட வேண்டும். +9இன் பங்கு 2,70,000 வோல்ட், −4இன் பங்கு −1,80,000. புலம் சுழியாக இருக்கும் அதே இடத்தில் மின்னழுத்தம் 90,000 வோல்ட்.