வாய்விட்டு யோசிக்கச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில், போனுக்குக் காசு போடும் எங்கள் ரீலோட் செயலியைச் சோதிக்க ஓர் அன்ரியோடு உட்கார்ந்திருந்தேன். மனதில் ஓடுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே பாவிக்கும்படி கேட்டிருந்தேன். அழகாகப் பேசிக்கொண்டு வந்தவர், அடையாள அட்டை இலக்கம் கேட்ட இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். 10 விநாடி போயிருக்கும், என்னால் பொறுக்க முடியவில்லை. "அதில இலக்கத்தைப் போடுங்கோ அன்ரி" என்றேன். "ஓம் தம்பி" என்று எதையோ போட்டுவிட்டு நகர்ந்தார். 'எழுத்து சின்னது, கண் தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டேன்.

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவருடையது பழைய அட்டை: 9 இலக்கம், கடைசியில் 'வி' (V) என்ற ஆங்கில எழுத்து. நாங்கள் 2016இல் வந்த 12 இலக்க அட்டையை மட்டும் நினைத்து, எண்கள் மட்டுமுள்ள விசைப்பலகையைக் கொடுத்திருந்தோம். அவர் 'வி'யைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

இந்த முறையில் நான் அதிகம் காணும் தவறு இதுதான்: மௌனம் வந்தவுடன் உதவப் போவது. அமைதி நீண்டால் "சொல்லிக்கொண்டே இருங்கோ" என்பது போதும். "இதை அமத்தவோ?" என்று கேட்டால், "நான் இங்க இல்லையெண்டா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது, இடையிலேயே "ஏன் அதை அமத்தினீங்க?" என்று கேட்பது. மனதில் ஓடுவதை அப்படியே சொல்வதும் காரணம் விளக்குவதும் வேறு வேறு என்று, மனித யோசனையை ஆராய்ந்த எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இலேயே எழுதினார்கள். முதலாவது யோசனையின் போக்கைப் பெரிதாக மாற்றாது, இரண்டாவது மாற்றிவிடும். காரணம் கேட்கப்பட்டவர் அடுத்த திரையை வழக்கத்தைவிடக் கவனமாகப் பார்ப்பார். அப்புறம் நீங்கள் காண்பது அவருடைய இயல்பான பாவனை இல்லை.

கொழும்பில் மொழி ஒரு தனிப் பிரச்சினை. பார்க்க வந்த மனேஜருக்கு விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறோம். பேசுபவர் யோசிப்பதை விட்டுவிட்டு மொழிபெயர்க்கத் தொடங்குவார். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வந்தால் வரட்டும், அதுதான் அவர் யோசிக்கும் மொழி. குறிப்பெடுக்கும்போதும் திருத்தாதீர்கள். அவர் "ரீலோட் எங்க?" என்று தேடியதை நீங்கள் "மீள்நிரப்பலைக் காணவில்லை" என்று எழுதினால், கண்டுபிடித்ததை நீங்களே அழித்துவிட்டீர்கள்.

பணியைச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். பொத்தானில் 'மீள்நிரப்பு' என்றிருக்க, "மீள்நிரப்புங்கள்" என்று சொன்னால் அது சொல் தேடும் விளையாட்டு. "அம்மாவின் போனில் காசு முடிந்துவிட்டது, 200 ரூபா போட்டுவிடுங்கோ" என்று சொல்லுங்கள்.

நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். "நான் செய்தது" என்று ஒரு சொல் விட்டாலே "நல்லா இருக்கு தம்பி" என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. சோதிப்பது செயலியை, உங்களை இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "ஈஸிதான்" என்று வாய் சொல்லும்போது விரல் மூன்று முறை பின்னால் போயிருந்தால், விரலை நம்புங்கள்.

பழக்காமல் தொடங்குவதும் தவறு. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் நேரம் தேடுவது போல ஒன்றை நீங்களே பேசிக்கொண்டே செய்து காட்டுங்கள், ஒரு நிமிடம் போதும். பேசிக்கொண்டு செய்தால் வேலை மெதுவாகும், ஆகவே அதே அமர்வில் நேரத்தை அளக்க வேண்டாம்.

இப்படிச் சோதிக்க 5 பேர் போதும் என்ற, பாவனைச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சனின் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று வேறுபட்ட கூட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஆட்கள் வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலத் திரையில் 5 பேரைப் பார்த்துவிட்டுத் தமிழ்த் திரையும் சரி என்று முடிவெடுக்க முடியாது.

அடக்கி வைத்த 'ஏன்'களைத் தாளில் குறித்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வீடியோவை அவருக்கே போட்டுக் காட்டிக் கேளுங்கள். வீடியோ எடுக்க முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். உண்மையான அடையாள அட்டை இலக்கம் வீடியோவில் விழாதபடி சோதனை இலக்கம் கொடுப்பது நல்லது. ஆனால் 'வி'யில் முடியும் பழைய இலக்கம் ஒன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.