புஷ்-அப் எடுக்கும்போது வந்த தோள்வலி போன விதம்

புஷ்-அப் எடுத்து முடித்ததும் வலது தோளின் முன்பக்கம் குத்துவது போல வலிக்கும். அதைச் சரிசெய்தது முழங்கையின் கோணம்தான். முழங்கைகள் பக்கவாட்டில் 90 டிகிரிக்கு விரிந்தால், கீழே இறங்கும்போது தோள் மூட்டின் முன்பகுதியில் அழுத்தம் கூடுகிறது. இப்போது உடம்புக்கும் மேல்கைக்கும் இடையே சுமார் 45 டிகிரி வைத்துக்கொள்கிறேன். உள்ளங்கைகள் தோளகலத்தைவிடக் கொஞ்சம் வெளியே, மார்புக்கு நேராக இருக்க வேண்டும். விரல்களை விரித்துத் தரையைப் பற்றி, கைகளை வெளிப்பக்கம் திருக முயல்வதுபோல் அழுத்தினால் முழங்கை தானாகவே உள்ளே வந்துவிடும். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது இதில்தான்.

அடுத்தது இடுப்பு. பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கினால் அது தொங்காது.

தரையில் எடுக்கும் புஷ்-அப்பில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. அதனால் வலி இருந்தவரை, நகராத மேசையின் விளிம்பில் கை ஊன்றி எடுத்தேன். சுமை நன்றாகக் குறைகிறது. முட்டி போட்டு எடுப்பதைவிட இதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் முழு உடம்பையும் நேராக வைக்கும் பழக்கம் விட்டுப்போகாது. மார்பு விளிம்புவரை வலியில்லாமல் இறங்க முடிந்ததும் தாழ்வான படி, அப்புறம் தரை.

இறங்கும்போது தோள்பட்டை எலும்புகள் நெருங்கட்டும், மேலே வந்ததும் தரையைத் தள்ளி அவற்றை விரியவிடுங்கள். ஓய்வெடுக்கும்போதும் வலி தொடர்ந்தாலோ, கையைத் தூக்கவே சிரமமாக இருந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.