பட்டாணி விதையின் புரதக் களஞ்சியத்தை நுண்ணோக்கியில் காணும் முறை

தாவர செல்லின் வாக்குவோல் என்றதும் நீர் நிறைந்த பெரிய பை ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் பயறு வகை விதைகள் முதிரும்போது, வாக்குவோல்கள் புரதத்தைச் செறிவாக அடைத்து வைக்கும் களஞ்சியங்களாகின்றன. காய்ந்த பட்டாணி 100 கிராமில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு; அதில் பெரும்பகுதி இருப்பது இங்கேதான்.

முதலில், காய்ந்த பட்டாணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, இரண்டு விதையிலைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். அலூரோன் துகள்கள் எனப்படும், புரதம் நிறைந்த இந்தச் சிறு வாக்குவோல்களைக் காண ஆமணக்கு விதையையே பாடநூல்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன. ஆமணக்கில் அவை பெரியவை என்பது உண்மையே. எனினும் ரிசின் என்னும் கொடிய நஞ்சும் அதே துகள்களுக்குள் இருப்பதால், தொடக்கநிலையினருக்குப் பட்டாணியே பாதுகாப்பானது.

அடுத்து, புதிய பிளேடை நீரில் நனைத்து, விதையிலையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக வெட்டுங்கள். இந்தப் படியில் அவசரம் கூடாது; பத்துச் சீவல்கள் எடுத்தால் ஒன்றிரண்டுதான் பயன்படும். மெல்லிய சீவலை நீரில் மெதுவாக அலசினால், வெட்டுப்பட்ட செல்களிலுள்ள ஸ்டார்ச் மணிகள் ஓரளவு வெளியேறி, புரதத் துகள்கள் தெளிவாகும். பிறகு அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நீர்த்த அயோடின் கரைசல் ஒரு துளி விட்டு, மூடுவில்லையால் மூடுங்கள். கரைசல் அடர்த்தியாக இருந்தால் ஸ்டார்ச் கறுத்து மற்ற அனைத்தையும் மறைத்துவிடும்.

10 மடங்குப் பொருளருகு வில்லையில் சீவலின் மெல்லிய ஓரத்தைக் கண்டறிந்து, பின்னர் 40 மடங்குக்கு மாற்றுங்கள். கருநீலமாகத் தெரியும் பெரிய முட்டை வடிவ மணிகள் ஸ்டார்ச். அவற்றினிடையே மஞ்சள் பழுப்பு நிறத்தில் நெருங்கிக் கிடக்கும், சில மைக்ரோமீட்டர் அளவேயுள்ள சிறு துகள்கள்தாம் புரதம் நிறைந்த வாக்குவோல்கள்.

இந்தப் புரதம் அங்கேயே உருவாவதில்லை. லெகுமின் போன்ற சேமிப்புப் புரதங்கள் செல்லுக்குள் பரவியுள்ள சவ்வு வலையான எண்டோபிளாச வலையில் ஒட்டியுள்ள, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களில் உருவாகி, மூன்று மூன்றாக இணைந்து, புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கை உறுப்பைக் கடந்து, அடர்ந்த சிறு பைகளில் வாக்குவோலை அடைகின்றன. அங்கே ஒரு நொதி ஒவ்வொரு சங்கிலியையும் குறிப்பிட்ட இடத்தில் வெட்ட, அவை ஆறு அலகுகள் கொண்ட இறுக்கமான தொகுதிகளாக அடுக்கப்படுகின்றன. சிதைக்கும் நொதிகளும் உள்ள ஓர் உறுப்பில் புரதம் அழியாமல் காக்கப்படுவதற்கு இந்த இறுக்கமான கட்டமைப்பு பெரிதும் காரணமாகிறது; இதுவே எனக்கு மிகுந்த வியப்பளிக்கும் பகுதி.

சில பட்டாணிகளை ஈரப்பஞ்சில் முளைக்கவிட்டு, பத்து நாள்களுக்குப் பின் அவற்றின் விதையிலையையும் இதே முறையில் பாருங்கள். முளைக்கும்போது உருவாகும் நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து நாற்றுக்கு அனுப்புவதால், மஞ்சள் பழுப்புத் துகள்கள் குறைந்திருக்கும். காலியாகும் சிறு வாக்குவோல்கள் ஒன்றோடொன்று இணைந்து, நாம் முதலில் நினைத்த அந்தப் பெரிய நீர்ப்பையாக மாறிக்கொண்டிருக்கும்.