சமாதானப் பேச்சுச் செய்தியை ஒரு சர்வேயர் படிக்கும் விதம்

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, தேன்கனிக்கோட்டை பக்கம் முப்பது வருஷம் சங்கிலி இழுத்தவன் நான். 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோது தர்மபுரிப் பக்கமே தங்கிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு மிச்சம் இருப்பது காலைப் பேப்பரும் காதில் செருகிய பென்சிலும்தான்.

தங்கை மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். "மாமா, இஸ்ரேல் அரபு பேச்சுவார்த்தைன்னு மாட்ரிட், ஓஸ்லோ, அன்னாபொலிஸ்னு ஊர் பேரா வருது. ஒண்ணும் மண்டையில நிக்கல" என்றாள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பார் என்று சொன்னேன். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் ஒரு வரைபடமும் இரண்டு கலர் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பென்சிலால் 1949ஆம் வருஷக் கோட்டைப் போடுங்கள். 1948ல் மூண்ட அரபு இஸ்ரேல் போருக்குப் பிறகு, ரோட்ஸ் தீவில் தொடங்கி ஐ.நா.வின் ரால்ஃப் பன்ச் நடுவில் நின்று பேச வைத்ததில் எகிப்து, லெபனான், ஜோர்டான், சிரியா நான்கும் ஒவ்வொன்றாக இஸ்ரேலுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டன. அதற்காக 1950ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கோடு போர் நின்ற இடம் மட்டும்தான், இறுதி எல்லை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பட்டா வேறு, அனுபவம் வேறு என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஜெருசலேமுக்குள் கோடு போட்ட கதையை நினைத்தால் எனக்கு இன்றும் கை பதறும். 1948 நவம்பரில் இஸ்ரேல் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் தரப்பு அப்துல்லா அல் தல்லும் ஒரே வரைபடத்தில் ஆளுக்கொரு மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்தார்கள். படத்தின் அளவு 20,000க்கு 1. கோட்டின் தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கணக்குப் போடுங்கள்: தரையில் 60 முதல் 80 மீட்டர். வீடும் தெருவும் கோட்டுக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டன. நம் புலப்படம் 2,000க்கு 1 என்றால் ஒரு மில்லிமீட்டர் கோடு தரையில் 2 மீட்டர். அந்த 2 மீட்டருக்கே இங்கே அண்ணன் தம்பி அரிவாள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்புப் பென்சில் 1967க்கு. அந்த ஜூன் மாதம் ஆறு நாள் போரில் இஸ்ரேல் பிடித்த சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் மேடு எல்லாவற்றையும் நிரப்புங்கள். பிற்பாடு நடந்த பேச்சு எதுவானாலும் இந்தச் சிவப்பில் எவ்வளவு பச்சைக்குத் திரும்பும் என்பதில்தான் வந்து நிற்கும். அதே நவம்பரில் வந்த ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 242ஆம் தீர்மானம், பிடித்த நிலப்பகுதிகளில் இருந்து இஸ்ரேல் விலக வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் அந்த 'நிலப்பகுதிகள்' முன்னால் 'தி' என்ற குட்டிச் சொல் இல்லை. அதனால் எல்லா நிலமும் இல்லை என்பது இஸ்ரேல் வாதம். பிரெஞ்சு வாசகத்தின்படி எல்லாமேதான் என்பது அரபு நாடுகளின் வாதம். தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, ஆகவே தமிழ்ப் பேப்பரில் இந்தச் சண்டை கண்ணில் படாது. பத்திரத்தில் 'என் நிலத்தில்' என்று எழுதியதா, 'என் நிலம் பூராவும்' என்று எழுதியதா என்ற வழக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. செய்தி வரும்போது முதல் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்று குறியுங்கள். 1991 அக்டோபரில் மாட்ரிட்டில் பாலஸ்தீனர்கள் தனியாக வரவில்லை, ஜோர்டான் குழுவோடு சேர்ந்து வந்தார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வுக்கு மேஜையில் இடமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் நார்வேயில், அந்த ஓஸ்லோ பக்கம்தான், ரகசியமாகப் பேசி முடித்தது அதே பி.எல்.ஓ.தான். மறைமுகப் பேச்சு என்று போட்டிருந்தால் இரண்டு தரப்பும் தனித்தனி அறையில், நடுவர் மட்டும் நடக்கிறார் என்று அர்த்தம். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர் கோயில் திண்ணையில், ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க, பெரியவர் செருப்புத் தேய நடப்பாரே, அதே. மட்டமாக நினைக்க வேண்டாம். 1978ல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் 13 நாளில் பெரும்பாலான நேரம் எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் முகம் பார்க்கவில்லை. அமெரிக்க அதிபர் கார்ட்டர் நடந்துதான் உடன்பாடு வந்தது.

அடுத்த பக்கம் எதைத் தள்ளிப் போட்டார்கள் என்பதற்கு. இதில் நானே ஏமாந்தவன். 1993 செப்டம்பர் 14 பேப்பரில், அந்த ஓஸ்லோ உடன்பாட்டுக்காக இஸ்ரேல் பிரதமர் ராபினும் பி.எல்.ஓ. தலைவர் அராபத்தும் கை குலுக்கும் படம் பார்த்து, டீக்கடையில் இருந்த ஏழு பேருக்கும் என் கணக்கில் டீ சொன்னேன். உள்ளே படித்திருந்தால் தெரிந்திருக்கும்: ஜெருசலேம், அகதிகள், பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர் போட்ட குடியேற்றங்கள், எல்லை எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், ஐந்து வருஷ இடைக்காலம் என்று இருந்தது. நானும் ஒரு கிராமத்தில் 'மேற்குப் பக்க வண்டிப்பாதை பிறகு அளக்கப்படும்' என்று எழுதி இரண்டு பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கியவன்தான். நான் திரும்பப் போவதற்குள் பாதையில் மாட்டுக்கொட்டகை எழும்பிவிட்டது. அங்கேயும் அதே கதை. 1993ல் மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் சேர்க்காமல், ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டி இருந்த இஸ்ரேலியக் குடியேறிகள் இன்று ஐந்து லட்சம் அளவில் இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பக்கம் தாபா. சினாயை 1982 ஏப்ரலில் எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்தபோது அகாபா வளைகுடா ஓரம் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டரை, நம் கணக்கில் 250 ஏக்கர் பக்கம், இஸ்ரேல் கையிலேயே வைத்துக்கொண்டது. சண்டை எல்லைக்கல் பற்றியது, முக்கியமாக 91ஆம் நம்பர் கல். துருக்கியர் ஆண்ட காலத்தில், 1906ல் போட்ட எல்லை அது. ஐந்து பேர் நடுவர் மன்றம் ஜெனீவாவில் உட்கார்ந்து, பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது கல் தரையில் எங்கே நின்றது என்று விசாரித்து, 1988 செப்டம்பரில் எகிப்துக்குத் தீர்ப்புச் சொன்னது. 1989 மார்ச்சில் இஸ்ரேல் ஒப்படைத்துவிட்டது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. கல்லை நம்பி வாழ்ந்தவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

குத்தகையையும் விடாதீர்கள். 1994 ஜோர்டான் ஒப்பந்தத்தில் பகூரா, கம்ர் என்ற இரண்டு இடங்கள் ஜோர்டான் ஆட்சிக்கு உட்பட்டவை, இஸ்ரேல் விவசாயிகள் 25 வருஷம் பயிர் வைக்கலாம் என்று முடிவானது. 2019ல் கெடு முடிந்ததும் ஜோர்டான் நீட்டிக்கவில்லை. இப்படி வருஷம் போட்டு எழுதிய இடங்களில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள்.

'பேச்சைத் தொடர ஒப்புக்கொண்டனர்' என்று மட்டும் இருந்தால் பக்கத்தில் 'வாய்தா' என்று எழுதிவிட்டு நகருங்கள். 2013 ஜூலையில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி தொடங்கி வைத்த ஒன்பது மாத இஸ்ரேல் பாலஸ்தீனப் பேச்சு, பாலஸ்தீனக் கைதிகளின் நான்காவது தவணை விடுதலையில் சிக்கி, எல்லைக் கோட்டுக்கு வந்து சேராமலே 2014 ஏப்ரலில் நின்றது.

கோலானுக்குத் தனித் தாள் ஒட்டுங்கள், இடம் போதாது. 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் ஜெனீவாவில் சிரிய அதிபர் ஹாபிஸ் அல் அசாத்தைச் சந்தித்தபோது தகராறு கலிலேயா ஏரியின் கரையில் சில நூறு மீட்டர் அகலத் துண்டுக்கு. அது யாருடையது என்பதில் பேச்சு முறிந்தது. இதில் ஏரி வேறு வற்றிக்கொண்டிருந்தது. கரை என்று 1967ல் சொன்ன இடத்தில் தண்ணீர் இல்லை. இதைச் சொன்னதும் தங்கை மகள், "அப்ப கரையை எங்கிருந்து மாமா அளக்கிறது?" என்றாள். நம் ஏரிகள் வற்றும்போது உள்ளே இறங்கி உழுகிறவர்களும் என்னிடம் இதையேதான் கேட்பார்கள். நோட்டில் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.