கால் எட்டாத பைக்கை எட்ட வைத்தது

சீட் உயரத்தை மட்டும் பார்த்து பைக் எடுக்கக் கூடாது. 790 மி.மீ. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும்; 810 மி.மீ. சீட் முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் எட்டிவிடும். ஓட்டும்போது போடும் ஷூவோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு முன்பாதமும் தரையில் அழுந்தினால் போதும், குதிகால் பதிய வேண்டியதில்லை.

எனக்குக் கைகொடுத்தது சீட் ஃபோமின் முன் ஓரங்களை 20 மி.மீ. செதுக்கியதுதான். நடுவில் அதிகம் வெட்டினால் அடித்தட்டு உறுத்தும். பின் ஷாக் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, கொஞ்சம் தளர்த்தினால் சீட் இன்னும் சற்று இறங்கும்.

பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டை மாற்றி வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் லிங்க் கடைசி வழி. பின்பக்கம் மட்டும் இறங்கினால் வளைவில் வண்டி மந்தமாகத் திரும்பும்; முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றி, முன்பக்கத்தையும் இறக்க வேண்டும். சைடு ஸ்டாண்டின் நீளத்தையும் குறைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயும்.