காப்பி எடுத்த பிஎஸ்2 கேம்: வேகத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது?

கல்ஃபில் இருந்து அண்ணனோ சித்தப்பாவோ கொண்டுவந்த பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்) நம் குமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. அதில் முதலில் தளர்வது பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ்தான். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று. குலசேகரம் பக்கம் போனால் ஈரம். போதாததற்கு ஆனி மழை, ஐப்பசி மழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் நமக்கு. அதனால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள் நல்ல நிலையில் இருக்கும்போதே காப்பி எடுத்து வையுங்கள்.

காப்பி எடுத்தபின் இரண்டு சிக்கல் வரும். டிஸ்க்கில் நன்றாக ஓடிய கேம் பென் டிரைவில் திக்கித் திக்கி ஓடும். அதே கேமை எஸ்டி கார்டில் போட்டால் வேகமாக லோடாகி, நடுவழியில் உறைந்து நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கேமை எழுதியவர்கள் டிஸ்க் டிரைவின் வேகத்தைக் கணக்கு வைத்தே எழுதினார்கள். வாழைத்தார் இறக்கும்போது லாரி மேலே நிற்பவர் ஒரு தாளத்தில் எடுத்துக் கொடுத்தால்தான் கீழே நிற்பவர் வாங்க முடியும். தாமதித்தால் அவர் கை சும்மா இருக்கும், அவசரப்பட்டால் தார் தரையில் விழும்.

முதலில் கணக்கு

டிவிடியில் 1 எக்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 1.38 எம்பி. பிஎஸ்2 டிரைவ் டிவிடியை 4 எக்ஸ் வரை படிக்கும், அதாவது ஏறக்குறைய 5.5 எம்பி. ஆனால் இது டிஸ்க்கின் வெளி விளிம்பில் மட்டும் கிடைக்கும் வேகம். டிஸ்க் ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுவதால், உள்வட்டத்தில் லென்ஸைக் கடக்கும் நீளம் குறைவு. அங்கே நொடிக்கு 2.2 எம்பி அளவுதான் வரும். சில கேம்களில் வெற்று ஃபைல்களை நிரப்பி, முக்கியமான டேட்டாவை விளிம்புப் பக்கம் தள்ளி வைத்ததும் இதற்காகத்தான். சிடி கேம் என்றால் 24 எக்ஸ், உச்சத்தில் 3.6 எம்பி.

இப்போது பென் டிரைவைப் பாருங்கள். பிஎஸ்2-வில் உள்ளது யுஎஸ்பி 1.1. ஏட்டளவில் நொடிக்கு 1.5 எம்பி, கைக்கு வருவது 1 எம்பி அளவு. டிஸ்க்கின் உள்வட்ட வேகத்தில் பாதிகூட இல்லை. விலை கூடிய யுஎஸ்பி 3 பென் டிரைவ் வாங்கினாலும் இது மாறாது, பணம் வீண். வீடியோ காட்சிகளில் திக்கல் வருவது இதனால்தான்.

படி 1: மாடல் எண்

கன்சோலின் பின்பக்க ஸ்டிக்கரில் எஸ்சிபிஎச் (SCPH) என்று தொடங்கும் எண் இருக்கும். 70000-க்கு முந்தையவை தடித்த மாடல், அதிலிருந்து ஸ்லிம். காப்பி கேமை ஓட்டும் மென்பொருளைக் கன்சோலில் திறக்க, பெரும்பாலான மாடல்களில் ஃப்ரீ எம்சி பூட் என்ற மென்பொருள் போட்ட மெமரி கார்டு போதும், கன்சோலைத் திறக்கவே வேண்டாம். 90000 வரிசையில் பிற்காலத்தில் வந்தவற்றில் அது ஓடாது. அவற்றுக்கு 2020-ல் வெளியான ஃப்ரீ டிவிடி பூட் டிஸ்க்கைப் பார்க்கலாம். வோல்டேஜையும் அதே ஸ்டிக்கரில் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் இருந்து வந்த தடித்த மாடல் 120 வோல்ட்; நம் பிளக்கில் நேரே சொருகினால் போச்சு.

படி 2: டிஸ்க்கை ஐஎஸ்ஓ ஆக்குவது

கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் டிஸ்க்கைப் போட்டு, இம்ஜ்பர்ன் மென்பொருளில் டிஸ்க்கில் இருந்து இமேஜ் (டிஸ்க் முழுவதையும் அப்படியே அடக்கிய ஒரே ஃபைல்; இதுதான் ஐஎஸ்ஓ) உருவாக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறம் என்றால் டிவிடி, நீலம் என்றால் சிடி. கீறல் விழுந்த டிஸ்க் என்றால் படிக்கும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். அவசரம் வேண்டாம். இங்கே பிழையோடு படித்தால், பிறகு என்ன செட்டிங் மாற்றினாலும் கேம் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

உங்கள் சொந்த டிஸ்க்கை மட்டும் காப்பி எடுங்கள். உரிமை மீறும் நோக்கத்தோடு காப்பித் தடுப்புப் பூட்டை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம்.

படி 3: எதில் ஏற்றுவது

பென் டிரைவ் என்றால் எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்து, டிவிடி, சிடி என்ற பெயர்களில் ஃபோல்டர் போட்டு (பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில்), கேம்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்தை இழுத்துப் போட்டால் ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறும். 4 ஜிபிக்கு மேற்பட்ட கேமை யுஎஸ்பியுடில் மென்பொருளால் பிரிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஸ்லிம் வைத்திருப்பவர்கள் எம்எக்ஸ்4எஸ்ஐஓ அடாப்டர் வாங்குவது நல்லது. எஸ்டி கார்டை மாட்டி, இரண்டாவது மெமரி கார்டு துளையில் சொருகலாம், யுஎஸ்பியைவிட வேகம். தடித்த மாடலுக்கு நெட்வொர்க் அடாப்டர் வழியாக ஹார்ட் டிஸ்க் போடுவதுதான் எல்லாவற்றிலும் உறுதியானது.

படி 4: வேகத்துக்குக் கடிவாளம்

கேமை ஓட்டுவது ஓபிஎல் (ஓபன் பிஎஸ்2 லோடர்) என்ற மென்பொருள். பட்டியலில் கேமை வைத்து முக்கோண பட்டனை அழுத்தினால் அந்தக் கேமுக்கான செட்டிங் வரும். முதலில் எதையும் மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள். உறைந்து நின்றாலோ, ஒலியும் படமும் பொருந்தாமல் போனாலோ, மோட் 1 ஆன் செய்யுங்கள். அது டேட்டா போகும் வேகத்தை அசல் டிஸ்க் டிரைவின் அளவுக்கு இறக்கும். ஹார்ட் டிஸ்க், எஸ்டி கார்டு, நெட்வொர்க் ஆகியவற்றுக்குத்தான் இதனால் பலன். யுஎஸ்பி ஏற்கெனவே மெதுவானது. பென் டிரைவில் வீடியோ திக்கினால் மோட் 4, அது வீடியோக்களைத் தாண்டிவிடும். கதை முக்கியமான கேமில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. அதற்கு அடாப்டர் வாங்குவதே மேல்.

வேகத்தைக் கட்டுவது ஏதோ ஒட்டுவேலை என்று எண்ண வேண்டாம். பிஎஸ்2-வின் சொந்த மெனுவிலேயே, பிஎஸ்1 கேம்களுக்கு டிஸ்க் வேகம் ஸ்டாண்டர்டா ஃபாஸ்டா என்று கேட்கும் செட்டிங் உண்டு. அந்தக் கேம்கள் நொடிக்கு 300 கேபி தரும் 2 எக்ஸ் டிரைவுக்காக எழுதப்பட்டவை; ஃபாஸ்ட் வைத்தால் சில கேம் ஓடாது.

படி 5: டிஸ்க்கில்தான் எரிப்பேன் என்றால்

ஐஎஸ்ஓவுக்கு இஎஸ்ஆர் பேட்ச் (எரித்த டிஸ்க்கை வீடியோ டிவிடி போலக் காட்டி கன்சோலை ஏற்கவைக்கும் திருத்தம்) போட்டு, நல்ல டிவிடி-ஆர் டிஸ்க்கில் குறைந்த வேகத்தில், 4 எக்ஸில், எரியுங்கள். அழித்து மீண்டும் எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டாம்; அது திருப்பி அனுப்பும் ஒளி குறைவு, தளர்ந்த லென்ஸ் திணறும். எரித்த டிஸ்க்கில் ஓடும்போது ஓபிஎல் மோடுகள் எதுவும் உதவிக்கு வராது.

கேம் சரியாக ஓடும் மோடு கிடைத்ததும் சேவ் சேஞ்சஸ் கொடுங்கள். அது சிஎஃப்ஜி (CFG) ஃபோல்டரில் கேம் வாரியாகப் பதிவாகும். பென் டிரைவையோ கார்டையோ மாற்றும் நாளில் அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துப் போடுங்கள்.